அரை என்னும் முன்னொட்டு: ஹெமிலியாவும் ஊவாத் தோட்டங்களும்

ஒரு சொல்லின் வரலாறு சிலவேளைகளில் ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்து கிடப்பதுண்டு. ஊவாவின் மலைத்தோட்டங்களைப் பொறுத்தவரை அத்தகைய சொல்லொன்று உளது. அது தமிழ்ச் சொல்லன்று, சிங்களச் சொல்லுமன்று, அன்றாட ஆங்கிலத்திற் பயின்ற சொல்லுமன்று. இங்கிலாந்து நாட்டு மதகுரு ஒருவரின் மேசைமீது, நுணுக்குக்காட்டியின் கீழே பிறந்த சொல் அது. 'ஹெமிலியா' என்பது அச்சொல். அதன் முற்பகுதியாகிய 'ஹெமி' கிரேக்க முன்னொட்டு. 'அரை' அல்லது 'பாதி' என்பது அதன் பொருள். இம்முன்னொட்டு ஆங்கிலத்திலே அருகி வழங்கும் சொற்கள் பலவற்றைத் தோற்றுவித்துள்ளது. அவற்றின் பொருளையும் ஒலிப்பையும் ஒருங்கு நோக்குவதும், அவற்றுள் ஒன்று நமுனுகுல மலையைச் சூழ்ந்த தோட்டங்களின் வாழ்வை எங்ஙனம் மாற்றியமைத்தது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடூல்சீமையில் ஓர் இலை

பதுளை நகருக்குத் தெற்கே 2,036 மீற்றர் உயர்ந்து நிற்பது நமுனுகுல மலை. 'ஒன்பது சிகரம்' என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். எண்ணுப்பெயர் முன்னும் பொருட்பெயர் பின்னுமாக நின்று ஒரு பெயராதல் பல மொழிகளிற் காணப்படும் வழக்கு. அம்மலையின் சரிவுகளிலும் அதனை அடுத்த பசறை, தெமோதரை, ஹாலிஎல, பண்டாரவளைப் பகுதிகளிலும், பசறைக்கு அப்பால் மடூல்சீமை, லுணுகலைப் பகுதிகளிலும் இன்று தேயிலை படர்ந்திருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நிலங்களிற் பெரும்பகுதி காடழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டமாயிற்று. 1820களில் கண்டிப் பகுதியிற் காலூன்றிய பெருந்தோட்டக் கோப்பி, 1840களின் இறுதியில் நேர்ந்த விலைவீழ்ச்சியையும் தாங்கி மீண்டு, 1860களில் ஊவாவின் எல்லைகள் வரை பரவியிருந்தது.

1869ஆம் ஆண்டு மே மாதத்தில் மடூல்சீமைத் தோட்டமொன்றிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான தூள் படிந்திருத்தல் காணப்பட்டது. விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் அத்தூள் படிந்த இலைகள் காலத்துக்கு முன்னரே உதிர்ந்தன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக அந்நாளில் விளங்கிய துவைற்ஸ் என்பார், அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த மைல்ஸ் ஜோசப் பேர்க்லிக்கு அனுப்பினார். மதகுருவாகிய பேர்க்லி பங்கசுக்களைப் பற்றிய ஆராய்ச்சியிலே தம் காலத்தில் முதன்மை பெற்றவர். 1845இல் அயர்லாந்தை வாட்டத் தொடங்கிய உருளைக்கிழங்கு நோய்க்குப் பங்கசு ஒன்றே காரணம் என வாதிட்டவரும் அவரே. கோப்பி இலையிற் கண்ட பங்கசு அதுவரை அறியப்பட்ட எவ்வினத்தோடும் ஒவ்வாமையால் அவர் அதற்குப் புதியதொரு பெயரை வகுத்தார். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் 'கார்டினர்ஸ் குரொனிக்கிள்' என்னும் தோட்டக்கலை ஏட்டில் அப்பெயர் அச்சேறியது. 'ஹெமிலியா வஸ்தாற்றிக்ஸ்' என்பதே அது.

பெயர் வைத்த முறை ஆராயத்தக்கது. இப்பங்கசின் வித்தி சிறுநீரக வடிவினது. அதன் ஒரு பக்கம் சிறு முட்கள் போன்ற புடைப்புகளால் நிறைந்தது, மறுபக்கம் வழுவழுப்பானது. கிரேக்கத்தில் 'ஹெமி' என்றால் பாதி. 'லெயொஸ்' என்றால் வழுவழுப்பு. ஆகவே 'பாதி வழுவழுப்பானது' என்பது ஹெமிலியாவின் நேர்ப்பொருள். இரண்டாஞ் சொல் இலத்தீனைச் சார்ந்தது. 'வஸ்தாற்றிக்ஸ்' என்றால் 'பாழாக்குபவள்' எனப் பொருள்படும். தமிழில் ஆள் விகுதி பெண்பாலைக் காட்டுவது போல, இலத்தீனில் 'றிக்ஸ்' என்னும் ஈறு வினைசெய்யும் பெண்ணைக் குறிக்கும். இனப்பெயர் பெண்பாலாதலின் அடைமொழியும் பெண்பாலாயிற்று. முதற்சொல் நுணுக்குக்காட்டியிற் கண்டதைக் கூறியது. இரண்டாஞ்சொல் தோட்டத்தில் நிகழ்ந்ததைக் கூறியது. அப்பெயர் சூட்டப்பட்ட வேளையில் அழிவு அதன் தொடக்கத்திலேயே இருந்தது என்பதை எண்ணும்போது, அவ்வடைமொழி ஒரு முன்னறிவிப்பாகவே அமைந்துவிட்டது எனலாம்.

முன்னொட்டின் குடும்பம்

'ஹெமி' தனித்து வந்த சொல்லன்று. இலத்தீனின் 'செமி', வடமொழியின் 'ஸாமி' ஆகிய இரண்டும் அதன் உடன்பிறப்புக்கள். மூன்றும் பாதி என்னும் பொருளன. மூன்றும் இந்தோ-ஐரோப்பிய மூலச்சொல் ஒன்றினின்று கிளைத்தன. மொழிமுதற் சகர ஒலி கிரேக்கத்தில் ஹகரமாக மாறுதல் இக்குடும்பத்தில் ஒழுங்காக நிகழும் மாற்றமாகும். வடமொழியில் 'ஸப்த', இலத்தீனில் 'செப்டெம்' என வழங்கும் ஏழு என்னும் எண் கிரேக்கத்தில் 'ஹெப்டா' ஆதலும், இலத்தீன் 'சூப்பர்' கிரேக்கத்தில் 'ஹைப்பர்' ஆதலும் இதற்குச் சான்றுகளாம். ஆங்கிலம் இலத்தீனிலிருந்து 'செமி'யையும், கிரேக்கத்திலிருந்து 'ஹெமி'யையும், பிரெஞ்சிலிருந்து 'டெமி'யையும் பெற்றுக்கொண்டது. இதனால் பாதியைக் குறிக்க அதற்கு மூன்று முன்னொட்டுக்கள் வாய்த்தன.

இம்மூன்றும் ஒரு சொல்லிலேயே அடுக்கி வருவதை மேல்நாட்டு இசைக்கலையிற் காணலாம். 'குவேவர்' என்பது முழுச்சுரத்தின் எட்டிலொரு பங்கு நீளமுடைய சுரம். அதன் பாதி 'செமிகுவேவர்'. அதனிற் பாதி 'டெமிசெமிகுவேவர்'. அதனினும் பாதி 'ஹெமிடெமிசெமிகுவேவர்'. முழுச்சுரத்தின் அறுபத்துநான்கில் ஒரு பங்கு என்பது இந்நெடுஞ்சொல்லின் பொருள். வேற்றுமொழிச் சொல்லாக நோக்கும்போது இது நகைப்புக்கு இடமாகலாம். ஆயினும் தமிழரின் பழைய எண்சுவடியும் இதே முறையையே கையாண்டது. காலின் பாதி அரைக்கால், பதினாறிலொன்று வீசம், வீசத்தின் பாதி அரைவீசம், அதனிற் பாதி கால்வீசம். அறுபத்துநான்கில் ஒரு பங்கைத் தமிழ் மாணவன் 'கால்வீசம்' என்று மூன்று உயிர்மெய்களிலும் இரண்டு மெய்களிலும் சொல்லி முடித்தான். 'அரை' என்னும் முன்னொட்டு தமிழுக்குப் புதியதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஹெமி முன்னொட்டுப் பெற்ற ஆங்கிலச் சொற்களுட் பரவலாக அறியப்பட்டது 'ஹெமிஸ்ஃபியர்' ஆகும். அரைக்கோளம் என்பது அதன் நேர்த்தமிழ். ஏனையவை அருகி வழங்குபவை. 'ஹெமிப்ளீஜியா' என்பதில் 'ப்ளீகே' என்னும் கிரேக்கச் சொல் அடி, தாக்கு எனப் பொருள்படும். உடலின் ஒரு பாதி தாக்குண்டு செயலிழப்பது அந்நோய். தமிழில் வழங்கும் பக்கவாதம், பாரிசவாதம் ஆகிய பெயர்களும் அப்பாதியையே சுட்டுகின்றன. 'ஹெமியனோப்பியா' என்பது பார்வைப் புலத்தின் ஒரு பாதி மறைதலைக் குறிக்கும். 'ஹெமிஸ்டிக்' என்பது செய்யுளின் அரையடி. 'ஹெமியோலா' என்பதில் 'ஹெமி'யோடு முழுமையைக் குறிக்கும் 'ஹொலொஸ்' சேர்ந்துள்ளது. அரையும் முழுதும் கூடி ஒன்றரை என்பது அதன் பொருள். இசையில் மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்தைக் குறிக்கும்.

'ஹெமிப்டெரா' என்பது பூச்சியியலிற் பெருவரிசை ஒன்றின் பெயர். 'ப்டெரொன்' என்றால் சிறகு. முன்சிறகின் அடிப்பாதி தடித்தும் நுனிப்பாதி மென்படலமாயும் பல இனங்களில் இருத்தல் நோக்கி இப்பெயர் அமைந்தது. சாற்றை உறிஞ்சும் செதிற்பூச்சிகளும் இவ்வரிசையைச் சார்ந்தவையே. 1880களில் இலங்கைக் கோப்பியைத் தாக்கிய பச்சைப்பூச்சி அத்தகைய செதிற்பூச்சியாகும். இலைநோயினால் ஏற்கெனவே நலிந்திருந்த செடிகளை அது மேலும் அழித்தது. கோப்பியின் பகைகள் இரண்டுமே ஹெமி என்னும் முன்னொட்டைத் தாங்கி நின்றமை தற்செயலே எனினும் நினைவிற் பதியத்தக்கது.

இச்சொற்களோடு மயங்கக்கூடிய வேறொரு தொகுதியும் உண்டு. குருதியைக் குறிக்கும் 'ஹைமா' என்னும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த ஈமோகுளோபின் முதலியன அத்தொகுதியைச் சார்ந்தவை. பிரித்தானிய எழுத்துமுறை இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும். அமெரிக்க எழுத்துமுறையிலோ இரண்டின் தொடக்கமும் ஒரே வகையாக எழுதப்படுவதால், முன்னொட்டின் பொருளறியாதவன் குருதியைப் பாதியெனவும் பாதியைக் குருதியெனவும் கொள்ள நேரும்.

ஒலிப்பும் ஹகரத்தின் கதையும்

பொருளைப் போலவே ஒலிப்பும் இச்சொற்களில் இடர்ப்பாடு தருவது. கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களில் ஆங்கிலத்தின் 'சி', 'எச்' ஆகிய இரண்டெழுத்துக்கள் சேர்ந்து வரின் பெரும்பாலும் ககர ஒலியே பெறும். ஆதலால் அரையடியைக் குறிக்கும் சொல் 'ஹெமிஸ்டிக்' என முடியுமேயன்றி 'ஹெமிஸ்டிச்' என முடியாது. சிறகைக் குறிக்கும் 'ப்டெர' என்பது சொல்லின் முதலில் வரும்போது ஆங்கிலேயர் பகர ஒலியை விட்டுவிடுவர். சொல்லின் நடுவில் வரும்போது இரண்டு மெய்களையும் ஒலிப்பர். அசையழுத்தமும் இடம்மாறும். 'ஹெமிஸ்ஃபியர்' என்பதில் முதலசை அழுத்தம் பெறுவதால் 'ஹெ' தெளிவாக ஒலிக்கும். 'ஹெமிப்டெரா' என்பதில் அழுத்தம் இரண்டாம் அசைக்குச் செல்வதால் முதலசை 'ஹி' என நலிந்து ஒலிப்பதுண்டு. 'ஹெமிலியா' என்பதன் மூன்றாம் அசையோ கிரேக்கத்தில் ஈருயிர் சேர்ந்த ஒலி. அதனை ஆங்கிலேயருட் சிலர் ஈகாரமாகவும் சிலர் ஐகாரமாகவும் ஒலிப்பர்.

இவையெல்லாவற்றினும் சுவையானது ஹகரத்தின் கதை. கிரேக்க எழுத்துமுறையில் ஹகரம் நெடுங்காலமாகத் தனியெழுத்தாக நிற்கவில்லை. உயிரெழுத்தின்மேல் இடப்படும் சிறு வளைகுறியாகவே நின்றது. அவ்வொலி பேச்சில் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின், 1982இல் கிரேக்க நாட்டு அரசு அக்குறியையும் எழுத்துமுறையினின்று நீக்கியது. பிற மொழிகளிலும் அது நிலைத்து நிற்கவில்லை. தலையின் ஒரு பாதியில் எழும் நோயைப் பண்டைக் கிரேக்க மருத்துவர் 'ஹெமிக்ரானியா' என்றனர். 'க்ரானியொன்' மண்டையோடு. அச்சொல் இலத்தீன் வழியாகப் பிரெஞ்சிற் புகுந்து முதலசையை இழந்து 'மிக்ரேன்' ஆகி, ஆங்கிலத்தில் 'மைக்ரேன்' எனவும் 'மீக்ரேன்' எனவும் வழங்குகின்றது. அதன் தலைப்பிலே நின்ற 'பாதி' சிதைந்து போனமையை இன்று ஆங்கிலம் பேசுவோர் உணரார். தமிழிலோ 'ஒற்றைத் தலைவலி' என்னும் பெயரில் அப்பொருள் சிதையாமல் விளங்குகின்றது.

தமிழ் இலக்கணத்துக்கு இச்சிக்கல் புதியதன்று. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தாற் சொல்லை அமைத்துக்கொள்ளுமாறு தொல்காப்பியம் எச்சவியலில் விதித்தது. மொழிமுதல் ஹகரம் கெட அதன்மேல் நின்ற உயிரே எஞ்சும் என்பதும், இடையிலுள்ள ஹகரம் ககரமாகும் என்பதும் நன்னூலார் காட்டிய நெறி. ஹரன் அரனானதும் மோஹம் மோகமானதும் அந்நெறியால். காலப்பகுதியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய 'ஹோரா' வடமொழி வழியாகத் தமிழில் 'ஓரை' ஆயிற்று என்பர் மொழிநூலார். அதே சொல் ஆங்கிலத்தில் 'அவர்' என ஹகரம் ஒலியாமல் மணியைக் குறித்து நிற்கின்றது. இலங்கையிலே தமிழில் விஞ்ஞானம் பயின்றோர் 'ஐதரசன்' என எழுதும்போது இப்பழைய நெறியையே பின்பற்றுகின்றனர். ஊவாவில் ஹப்புத்தளை என அரச ஆவணங்களில் எழுதப்படும் ஊர், மக்கள் வழக்கில் அப்புத்தளையாக வழங்குவதும் அவ்வழியிலேயே அடங்கும்.

இந்நெறிப்படி ஹெமிலியா தமிழில் 'எமிலியா' ஆதல் வேண்டும். வியப்புக்குரியது யாதெனில், தமிழிலக்கணத்தைக் கனவிலும் கருதாத ஆங்கிலத் தோட்டத்துரைமாரும் அவ்விடத்துக்கே வந்து சேர்ந்தனர். வாயில் நுழையாத அப்பெயரை அவர்கள் 'நாசகாரி எமிலி' என்னும் பொருள்பட எள்ளலாகத் திரித்து வழங்கினர். கிரேக்கம் பெண்பெயராயிற்று. பாதி என்னும் பொருள் அத்திரிபிலே முற்றாக மறைந்தது. பாழாக்குதல் மட்டுமே எஞ்சியது.

அரையாண்டு வாழ்வும் முழுவாழ்வும்

எள்ளலுக்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை. 1870 அளவில் இலங்கையின் கோப்பி ஏற்றுமதி ஆண்டொன்றுக்குச் சுமார் 10 கோடி இறாத்தலாக இருந்தது. 1889 அளவில் அது ஏறத்தாழ 50 இலட்சம் இறாத்தலாகச் சுருங்கியது. இலைநோய் தோன்றிய முதற் பத்தாண்டுகளில் கோப்பியின் விலை உயர்ந்து நின்றமையால் துரைமார் அபாயத்தை முழுமையாக உணரவில்லை. விளைச்சல் குன்றக் குன்றப் புதிய காடுகளை அழித்துப் பயிரிட்டனர். அதனால் நோய்க்கு இரையே பெருகியது.

1880இல் நோயை ஆராய்வதற்கென ஹரி மார்சல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. 1882 வரை இங்கு தங்கிய அவர், வித்திகள் காற்றினாற் பரவுகின்றன என்பதையும், இலைமீது நிற்கும் நீர்த்துளியில் முளைத்து இலைவாய்களின் வழியே உட்புகுகின்றன என்பதையும் நிறுவினார். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமையே பரவலை எளிதாக்கியது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். ஆயினும் காலங் கடந்துவிட்டது. 1884இல் தோட்டங்களுக்குப் பெருங்கடன் வழங்கிவந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. பட்டுப்போன கோப்பி மரங்களின் அடிகள் சீவப்பட்டு, தேநீர் மேசைகளின் கால்களாக இங்கிலாந்துக்கு ஏற்றப்பட்டன என்பர். தேயிலைப் பரப்பு 1875இல் ஏறத்தாழ 1,000 ஏக்கராக இருந்து, 1895இல் 3 இலட்சம் ஏக்கரைக் கடந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டிய புகையிரதப் பாதை 1924இற் பதுளையை அடைந்தது.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இம்மாற்றத்தை ஒரு பயிர் போய் மறுபயிர் வந்த கதையாகவே கூறும். தோட்டத் தொழிலாளர் நிலையினின்று நோக்கின் அது வேறொரு கதையாகும். கோப்பிப் பயிருக்குப் பழம் பறிக்கும் சில மாதங்களிலேயே மிகுந்த ஆட்கள் தேவைப்பட்டனர். மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணியின் பின்னே வந்தோர், அறுவடை முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மலையேறி, மீண்டும் அவ்வழியே சென்ற அவர்களின் வாழ்வு அரையாண்டு வாழ்வு. பாதி இங்கும் பாதி அங்குமாக அது பிளவுண்டு கிடந்தது.

தேயிலை அத்தகைய பயிரன்று. அதன் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. கிழமைக்கு ஒருமுறையேனும் கிள்ளப்பட வேண்டுவது. அதற்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும். கொழுந்து கொய்யப் பெண்களின் கைகள் வேண்டும். எனவே ஆடவர் குழுக்களாக வந்து மீண்ட நிலை மாறி, குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. கோப்பி நலியத் தொடங்கிய அதே காலத்தில், 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வருத்திய தாது வருடப் பஞ்சமும் பலரைக் கடல் கடக்கச் செய்தது. திரும்பிச் செல்ல நிலமும் நெல்லும் அற்றோர்க்கு மலையே ஊராயிற்று. மடூல்சீமை இலையொன்றிற் கண்ட அரைவழுவழுப்பு வித்தி, அரையாண்டு வாழ்வை முழுவாழ்வாக மாற்றிய காரணங்களுள் தலையாயது என்று கூறின் அது மிகையாகாது. மலையகத் தமிழர் என்னும் நிலையான சமூகத்தின் தோற்றத்தை விளக்க முற்படுவோர் ஹெமிலியாவைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது.

ஆயினும் வாழ்வு முழுமை பெற்ற பின்னரும் அவர்களைப் பற்றிய எண்ணம் பாதியிலேயே நின்றுவிட்டது. கோப்பிக் காலத்து வந்துசெல்வோர் என்னும் கருத்து தேயிலைக் காலத்திலும் ஆட்சியாளர் மனத்தினின்று நீங்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இயற்றப்பட்டபோது, தேயிலை அவர்களை மலையில் நிலைநிறுத்தி இரண்டு, மூன்று தலைமுறைகள் கடந்திருந்தன. எனினும் மிகப் பெரும்பாலானோர் நாடற்றோராயினர். 1964இல் இரு நாட்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகக் கொண்டு இங்கும் அங்குமாகப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கலுக்குப் பெருமளவில் முடிவு கண்டது. ஹெமிலியாவால் முடிவுற்ற அரையாண்டு வாழ்வின் நிழல் சட்டத்தில் நூறாண்டுக்கு மேல் நீடித்தது என்பதே இதன் கருத்து.

சொல்லும் அதற்குரியோரும்

இங்கு மொழி பற்றிய வினாவொன்று எழுகின்றது. ஹெமிலியா கண்டறியப்பட்ட அதே 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்தது. கோப்பிச் செய்கையைப் பாடுபொருளாகக் கொண்ட அந்நூல் மலையகத் தமிழிலக்கியத்தின் தொடக்க நூல்களுள் வைத்து எண்ணப்படுவது. கோப்பித் தொழிலைத் தமிழிற் பாட இயன்ற ஆண்டிலேயே கோப்பியின் சாவுக்குரிய பெயர் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் அமைந்தது. முன்னதைத் தோட்டத்திற் பாடலாம். பின்னதைத் தோட்டத்திற் பொருளறிந்து கூறுவார் இருந்திலர்.

தோட்ட மக்கள் பிறமொழிச் சொல்லை ஏற்க அஞ்சியவர் அல்லர். வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' அவர் வாயில் 'லயம்' ஆயிற்று. காலை அணிவகுப்பைக் குறித்த 'பரேட்' 'பெரட்டு' ஆயிற்று. ஒப்பந்த வேலை 'கொந்தரப்பு' ஆயிற்று. இவை உழைப்போடு தொடர்புடைய சொற்கள். நாள்தோறும் காதில் விழுந்து நாவிற் பழகித் தமிழுருப் பெற்றவை. துரைமாரும் தமக்கு வேண்டிய தமிழைக் கைநூல்களின் வழியே கற்றனர். வெல்ஸ் என்பார் எழுதி 1915இல் வெளிவந்த 'கூலித் தமிழ்' அத்தகையதொன்று. ஏவுவதற்குரிய மொழி இருபுறமும் பெயர்க்கப்பட்டது. அறிவதற்குரிய மொழி பெயர்க்கப்படவில்லை. இலையில் உள்ள தூள் யாது, அது எங்கிருந்து வருகின்றது, அதனால் தம் சம்பளமும் வாழ்வும் யாதாகும் என்பவற்றைச் சொல்லும் சொற்கள் பேராதனைக்கும் இலண்டனுக்கும் இடையிலேயே உலவின.

அக்காலத்தில் அது இயலாத காரியமாக இருந்தது என்று கூறவும் இடமில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கிரேக்க இலத்தீன் சொற்கள் நிறைந்த மருத்துவ நூல்கள் அவராலும் அவர் மாணவராலும் தமிழாக்கம் பெற்றன. தமிழிற் சொல் உளதாயின் அதனைக் கொள்க. இல்லையாயின் வடமொழியை நாடுக. அதுவும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கேற்பப் பெயர்த்தமைக்க என்பது அவர் வகுத்த நெறி. 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலிய அவரது நூற்பெயர்களே அந்நெறியைக் காட்டும். ஒரே தீவின் வடமுனையில் கிரேக்கம் தமிழாகிக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதன் நடுமலையில் கிரேக்கப் பெயர் தாங்கிய நோய் தமிழரின் வாழ்வை ஓசையின்றி மாற்றிக்கொண்டிருந்தது. மானிப்பாய்க்கும் மடூல்சீமைக்கும் இடையே பாலம் இருக்கவில்லை.

பிற்காலத்தில் அப்பாலம் ஓரளவு அமைந்தது. 1950கள் முதல் அரசு வெளியிட்ட கலைச்சொற் றொகுதிகளால் தமிழ் மொழிமூல விஞ்ஞானக் கல்வி வளர்ந்தது. ஆயின் 1907ஆம், 1920ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின்னரும் தோட்டப் பாடசாலைகள் தொடக்கக் கல்விக்கு அப்பாற் செல்லவில்லை. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே அக்கலைச்சொற்கள் லயத்துப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் வாய்ப்புப் பிறந்தது. 2005இற் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டமை அவ்வழியிற் குறிப்பிடத்தக்க மற்றொரு நிகழ்ச்சியாகும்.

சொற்றொகுதிகள் மட்டும் போதுமா என்பதும் சிந்திக்கத்தக்கது. 'பங்கசு' என ஒலிபெயர்த்தவிடத்துச் சொல் தமிழெழுத்திற் கிடைக்கின்றது, பொருள் கிடைப்பதில்லை. 'அரைக்கோளம்' என மொழிபெயர்த்தவிடத்துப் பொருள் கிடைக்கின்றது. உலக ஆய்வேடுகளில் வழங்கும் சொல்லோடு தொடர்பு அறுகின்றது. இவ்விரு குறைகளையும் நீக்கும் வழி முன்னொட்டுக்களைப் பொருளோடு கற்பித்தலே. 'ஹெமி' என்றால் அரை என அறிந்த மாணவன் ஹெமிப்ளீஜியாவையும் ஹெமிப்டெராவையும் அகராதியின்றியே அணுகுவான். 1946இல் இலங்கைத் தேயிலையை வந்தடைந்த கொப்புள நோய்க்குரிய பங்கசு 'எக்ஸோபசிடியம் வெக்சன்ஸ்' எனப்படும். 'எக்ஸோ' என்றால் புறம், 'வெக்சன்ஸ்' என்றால் துன்புறுத்துவது என அறிந்தவனுக்கு அந்நெடும்பெயரும் அச்சந் தராது. கொழுந்திலே கொப்புளத்தை நாள்தோறும் காண்பவர் அப்பெயரின் பொருளை அறியாதிருக்கவும், கொப்புளத்தை ஒருநாளும் கண்டிராதவர் அப்பெயரைத் தேர்வுக்கு மனனம் செய்யவும் நேரும் நிலை கல்விக்குப் பெருமை தருவதன்று.

ஹெமிலியா இன்னும் அழியவில்லை. 1876இல் ஜாவாவை அடைந்து, 1970இல் பிரேசிலைச் சென்று சேர்ந்த அந்நோய், 2012இலும் 2013இலும் மத்திய அமெரிக்காவின் கோப்பித் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கிப் பல்லாயிரம் தொழிலாளரின் வேலையைப் பறித்தது. அங்கும் இலையின் அடியில் அதே செம்மஞ்சள் தூள். அங்கும் வேலை தேடிப் பெயர்ந்து சென்ற குடும்பங்கள். தொலைநாட்டு மக்களின் இத்துயரம் ஊவாவின் பழைய வரலாற்றோடு உறவுடையது என்பதை உணர்த்த அவ்வொரு சொல்லே போதுமானது.

பாதி வழுவழுப்பானது என்பதற்கு மேல் பேர்க்லி எதனையும் கருதிப் பெயரிட்டாரல்லர். அச்சொல்லுக்குள் நுழைந்திருக்கும் எஞ்சிய பொருளை நமுனுகுல மலைச்சாரலில் வாழ்ந்தோரின் வரலாறே சேர்த்தது. கோப்பி பட்டமையால் வந்த தேயிலை, தேயிலையால் நிலைத்த லயம், லயத்தில் நிலைத்தும் பாதியாகவே எண்ணப்பட்ட மக்கள் ஆகிய இவையெல்லாம் இன்று அச்சொல்லின் பொருளாகும். அப்பொருளைக் கிரேக்க அகராதி கூறாது. அதனை எழுதிவைக்கும் கடமை அம்மலைகளிலிருந்து கல்வியின் வழியே மேலெழும் தலைமுறைக்கு உரியதாகும்.